சராசரி போடும் முன் மின்சுமையை எண்ணுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அஸ்பார்டிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தின் சமமின்புள்ளி என்ன என்று தேர்வில் கேட்டால், மாணவர்கள் பலர் கொடுத்திருக்கும் மூன்று பிகேஏ மதிப்புகளையும் கூட்டி, மூன்றால் வகுத்து, 5.04 என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை 2.77. கூட்டல் வகுத்தல் தெரியாததால் வரும் பிழை அல்ல இது. எதைத் தேடுகிறோம் என்பதை ஒரு நிமிடம் யோசிக்காமல் நேராகச் சூத்திரத்துக்குப் போவதால் வருவது. அதனால் இன்று சூத்திரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுவோம்.

ஒரு மூலக்கூறில் உள்ள நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் சரிக்குச் சரியாகி, நிகர மின்சுமை பூஜ்யமாகிற பிஎச் எதுவோ, அதுதான் சமமின்புள்ளி. பிஎச் என்பது கரைசலின் அமிலத்தன்மையைச் சொல்லும் எண்; அது குறையக் குறைய அமிலம் கூடும். அந்த நிலையில் மின்புலத்தில் வைத்தால் மூலக்கூறு எந்த மின்முனைப் பக்கமும் நகராது. மின்சுமையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டும் இருக்கும், ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும், அவ்வளவுதான்.

அடுத்து பிகேஏ. மூலக்கூறில் புரோட்டானை விடக்கூடிய ஒரு தொகுதி, பாதி மூலக்கூறுகளில் புரோட்டானை வைத்துக்கொண்டும் மீதிப் பாதியில் இழந்தும் இருக்கிற பிஎச்சைத்தான் அதன் பிகேஏ என்கிறோம். அதற்கு ஓர் அலகு மேலே போனால், இழந்தவை பத்துக்கு இழக்காதது ஒன்று. இரண்டு அலகு போனால் நூறுக்கு ஒன்று. இது கைவசம் இருந்தால் போதும்.

சரி, அஸ்பார்டிக் அமிலத்துக்கு வருவோம். அதில் புரோட்டானை விடக்கூடிய தொகுதிகள் மூன்று. ஆல்ஃபா கார்பாக்சிலுக்குப் பிகேஏ 1.88, பக்கச் சங்கிலியில் உள்ள கார்பாக்சிலுக்கு 3.65, அமினோ தொகுதிக்கு 9.60. கடும் அமிலக் கரைசலில் மூன்றும் புரோட்டானோடு இருக்கும். அப்போது கார்பாக்சில்களுக்கு மின்சுமை இல்லை, அமினோவுக்கு மட்டும் +1. நிகர மின்சுமை +1. பிஎச்சை மெல்ல ஏற்றுங்கள். 1.88ஐத் தாண்டும்போது முதல் கார்பாக்சில் புரோட்டானை விடுகிறது, நிகரம் பூஜ்யம். 3.65ஐத் தாண்டும்போது இரண்டாவதும் விடுகிறது, நிகரம் −1. 9.60ஐத் தாண்டினால் −2. ஆக, பூஜ்யமாக இருக்கும் வடிவம் 1.88க்கும் 3.65க்கும் இடையில்தான் இருக்கிறது. அதன் இரு பக்கமும் உள்ள இந்த இரண்டு எண்களுக்கு மட்டும் சராசரி எடுத்தால் 2.77. மூன்றாவது எண்ணுக்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை.

தவறான விடையையும் சோதித்துப் பார்த்துவிடுவோம். பிஎச் 5.04 என்பது 3.65க்கு ஏறக்குறைய 1.4 அலகு மேலே. அங்கே 100 மூலக்கூறுகளில் 96இல் பக்கச் சங்கிலி புரோட்டானை இழந்துவிட்டிருக்கும். அப்படியானால் நிகர மின்சுமை கிட்டத்தட்ட −1. பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. விடை எழுதியதும் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தக் கணக்கில் யாரும் மதிப்பெண் இழக்க மாட்டார்கள்.

லைசினுக்கும் இதே வழிதான். அங்கே பூஜ்ய வடிவம் இரண்டு அமினோ தொகுதிகளின் மதிப்புகளுக்கு நடுவே வருகிறது: 8.95, 10.53. சராசரி 9.74. கிளைசினில் இருப்பதே இரண்டு தொகுதிகள், அதனால் குழப்பமில்லை, ஏறக்குறைய 5.97.

புரதத்துக்கு வந்தால் சராசரி என்ற பேச்சே எடுபடாது. நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில், இரண்டு முனைகளும் ஏழு வகைப் பக்கச் சங்கிலிகளும்தான் கணக்கில் வருபவை. லைசின், ஆர்ஜினின், ஹிஸ்டிடின் நேர்மின்சுமை தருபவை. அஸ்பார்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், சிஸ்டீன், டைரோசின் எதிர்மின்சுமை தருபவை. ஏதாவது ஒரு பிஎச்சில், உதாரணமாக 7இல், ஒவ்வொன்றும் எவ்வளவு மின்சுமை தருகிறது என்று கணக்கிட்டு மொத்தத்தையும் கூட்ட வேண்டும். நேராக வந்தால் விடை 7க்கு மேலே, எதிராக வந்தால் கீழே. மீதி இருக்கும் பாதியின் நடுவில் மறுபடி கணக்கிடுங்கள். பிஎச் ஏற ஏற நிகர மின்சுமை குறைந்துகொண்டே போகும், திரும்பி ஏறாது. அதனால் விடை ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். 0 முதல் 14 வரையிலான வீச்சை இப்படி 11 முறை பாதியாக்கினால் நூறில் ஒரு அலகு துல்லியம் கிடைத்துவிடும். கணினி நிரல்கள் உள்ளே செய்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஆனால் கணினி சொல்லும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பேன். ஒவ்வொரு நிரலும் வெவ்வேறு பிகேஏ அட்டவணையை வைத்திருக்கிறது, அதனால் ஒரே புரதத்துக்கு வெவ்வேறு விடை வரும். அப்புறம், புரதம் மடிந்து உள்ளே புதைந்துபோன தொகுதியின் பிகேஏ பல அலகுகள்கூட விலகலாம். இரண்டு சிஸ்டீன்களை இணைக்கும் டைசல்ஃபைடு பாலத்தில் சிக்கிய சிஸ்டீனுக்கு விடுவதற்குப் புரோட்டானே கிடையாது. அதையும் எண்ணிவிடும் கணக்குகள் உண்டு.

இன்சுலினைப் பாருங்கள். 51 அமினோ அமிலங்கள், இரண்டு சங்கிலிகள். சிஸ்டீன் ஆறும் பாலங்களில் போய்விட்டன, விட்டுவிடலாம். டைரோசின்கள் நடுநிலை பிஎச்சில் மின்சுமை தராது. மிச்சத்தை எண்ணுங்கள். எதிர்மின்சுமைக்கு நான்கு குளுட்டாமிக் அமிலம், இரண்டு கார்பாக்சில் முனைகள்: ஆறு. நேர்மின்சுமைக்கு ஒரு லைசின், ஒரு ஆர்ஜினின், இரண்டு அமினோ முனைகள்: நான்கு. இரண்டு குறைகிறது. அந்த இரண்டையும் தரக்கூடியவை இரண்டு ஹிஸ்டிடின்கள்தான்; அவை புரோட்டானை ஏற்க வேண்டுமானால் பிஎச் ஹிஸ்டிடினின் பிகேஏவான 6க்குக் கீழே இறங்க வேண்டும். இன்சுலினின் சமமின்புள்ளி 5.3, 5.4 அளவில் இருப்பதற்குக் காரணம் இதுதான். கணினி இல்லாமலே வந்துவிட்டோம்!

இந்தக் கணக்கை வைத்துத்தான் கிளார்ஜின் என்ற நீண்டநேர இன்சுலின் உருவானது. பி சங்கிலியின் கடைசியில் இரண்டு ஆர்ஜினின்களைச் சேர்த்தார்கள். குறைந்த இரண்டு நேர்மின்சுமையும் கிடைத்துவிட, சமமின்புள்ளி 6.7 அளவுக்கு ஏறியது. நிகர மின்சுமை பூஜ்யத்தை நெருங்கும்போது மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று விலக்குவது குறைந்து, கரைதிறன் அடிமட்டத்துக்குப் போகும். அதனால் பிஎச் 4இல் தெளிவாகக் கரைந்திருக்கும் மருந்து, தோலுக்கடியில் 7.4 அளவு பிஎச்சைச் சந்தித்ததும் நுண்ணிய வீழ்படிவாகி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஏறக்குறைய 24 மணி நேரம் இரத்தத்தில் சேர்கிறது.

இதில் இன்னொரு மாற்றமும் உண்டு. ஏ சங்கிலியின் 21ஆம் இடத்தில் இருந்த அஸ்பராஜினை எடுத்துவிட்டுக் கிளைசினை வைத்தார்கள். மின்சுமைக் கணக்கில் இதனால் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் மருந்தை அமிலக் கரைசலில் வைத்தாக வேண்டும் என்று ஆன பிறகு, அந்த அஸ்பராஜின் அமிலத்தில் சிதையும் என்பதால் அது அங்கே இருக்க முடியாது. கிளார்ஜினை மற்ற இன்சுலின்களோடு ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்கும் இந்தப் பிஎச் 4தான் காரணம்.

நன்றி, வணக்கம்.