குறைவாக வாசித்த பீட்டர் கிரீன்

நண்பர்களே, வணக்கம்.

'ஃப்ளீட்வுட் மேக்' என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் பெயர் உங்களில் பலருக்குத் தெரியும். அந்தப் பெயரில் இருப்பவர்கள் யார்? ஃப்ளீட்வுட், டிரம்ஸ் வாசித்த மிக். மேக், பேஸ் கிட்டார் வாசித்த ஜான் மெக்வீ. 1967-இல் குழுவைக் கூட்டியவரும், பாட்டெழுதிப் பாடி முன்னணி கிட்டார் வாசித்தவரும் பீட்டர் கிரீன். தொடக்க கால விளம்பரங்களில் அவர் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் வைத்த பெயர் இதுதான். இதில் ஒரு வேடிக்கை: பெயர் வைத்தபோது மெக்வீ குழுவிலேயே இல்லை! மாதாமாதம் வருமானம் வரும் பழைய குழுவை விட அவருக்கு மனம் வரவில்லை. ஆகஸ்ட் 13, வின்சர் இசை விழாவில் முதல் கச்சேரி. பேஸ் வாசித்தது வேறொருவர். மெக்வீ சில வாரம் கழித்துத்தான் வந்தார்.

கிரீன் 1946-இல் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கசாப்புக் கடையில் தொழில் பழகியவர். 1966-இல் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன், ஜான் மேயாலின் புளூஸ் இசைக்குழுவை விட்டுப் போனபோது அந்த இடத்துக்கு வந்தார். 'கிளாப்டனே கடவுள்' என்று லண்டன் சுவரில் எழுதிவைத்த காலம் அது. கடவுள் எழுந்து போன நாற்காலியில் 19 வயதுப் பையன்! யாராக இருந்தாலும் வேகத்தைக் காட்டி நிரூபிக்கத்தான் பார்ப்பார்கள். இவரோ ஒரு சுரத்தைப் பிடித்து, அது கரைந்து போகும்வரை காத்திருந்தார். வீணைக்காரர் தந்தியை இழுத்துச் சுரத்தை அசைப்பதைக் கேட்டுப் பழகிய நமக்கு இது உடனே பிடிபடும். அமெரிக்க புளூஸ் கிட்டார் மேதை பி.பி. கிங்கே இவர் வாசிப்பைக் கேட்டுத் தமக்கு வியர்த்துப்போனதாகச் சொல்லியிருக்கிறார்.

அவருடைய 1959 கிப்சன் லெஸ் பால் கிட்டாரில் ஒரு பிக்கப்பின், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகத்தின், காந்தம் தலைகீழாக இருந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் ஒன்றையொன்று பாதி அடித்துவிடும். மிஞ்சுவது மூக்கடைத்தாற்போல ஒரு மெல்லிய குரல். வேறொருவர் கையில் இருந்தால் பழுது பார்க்கக் கடைக்குப் போயிருக்கும். இவர் அதையே தம் குரலாக்கிக்கொண்டார்.

1968-இல் 'பிளாக் மேஜிக் உமன்' எழுதினார்; உலகம் அதைப் பின்னால் பாடிய சந்தானா குழுவின் பாட்டு என்றே நினைக்கிறது. 1970 மே மாதம் குழுவை விட்டு விலகினார். பணத்தை வாரிக் கொடுத்தார். அந்தக் கிட்டாரையும் கேரி மூர் என்ற கிட்டார் கலைஞருக்குச் சொற்ப விலைக்குத் தந்துவிட்டார். அவர் தொடங்கிய குழு 1977-இல் 'ரூமர்ஸ்' தொகுப்பால் கோடிகளைக் குவித்தது. அதே ஆண்டில் கணக்காளரை மிரட்டியதாகக் கைதாகி, அவர் மனநல மருத்துவமனைக்குப் போனார்.

இவரைத் துறவி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. எல்எஸ்டி போதைப் பழக்கம், ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனநோய், மின்னதிர்ச்சி சிகிச்சை எல்லாம் பட்டுத் தேறிய மனிதரின் வேதனைக்குக் காவி உடுத்திப் பார்ப்பது அநியாயம். அவருடைய அடக்கம் நோய்க்கு முந்தியது. குழுவுக்குப் பெயர் வைத்த அன்றே அது இருந்தது.

தொண்ணூறுகளில் ஸ்பிளிண்டர் குரூப் என்ற குழுவோடு மேடைக்குத் திரும்பினார். விரல்கள் பழையபடி ஓடவில்லை. அதைக் கேட்க எனக்குச் சற்றுக் கஷ்டமாகத்தான் இருக்கும். 2020 ஜூலையில், 73 வயதில் காலமானார்.

போதும், என் பேச்சு. ஃப்ளீட்வுட் மேக்குக்காக அவர் எழுதிய 'ஆல்பட்ராஸ்' வைக்கச் சொல்லியிருக்கிறேன். பாட்டில்லாத வெறும் வாத்தியம். 1969 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. சுமார் மூன்று நிமிடம். மிக் பஞ்சுத்தலைக் குச்சியால் அலைபோல டிரம்ஸைத் தட்டுவார். கிட்டார் நுழைந்ததும், அது எங்கெல்லாம் வாசிக்காமல் நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். தம்பி, அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்துப்பா.