சந்தேகங்களுக்கு விளக்கம்: செத்துப் பிழைத்தவன் எல்லாம் கிறிஸ்துவா?

ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "அறிவியல் புனைகதைப் படத்தில் நாயகன் செத்துப் பிழைத்தாலே கிறிஸ்து என்கிறார்களே, அது எழுதியவர் வைத்ததா, நாமாக ஏற்றிச் சொல்வதா?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சில இடங்களில் எழுதியவரே வைத்ததுதான். 1951-இல் வந்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்தில், வேற்றுக்கிரகத்திலிருந்து வரும் கிளாட்டு யாருடைய உடையையோ போட்டுக்கொண்டு ஊருக்குள் போகிறான். அதில் ஒரு சலவைச் சீட்டு. சொந்தக்காரரின் பெயர் கார்ப்பென்டர். அதையே தன் பெயராகச் சொல்லிவிடுகிறான். கார்ப்பென்டர் என்றால் தச்சன், இயேசுவின் தொழில்! முதல் முறை பார்த்தபோது எனக்கு அது உறைக்கவே இல்லை. அவன் சுடப்பட்டு, எழுந்து, வானத்துக்குப் போனபிறகுதான் அந்தச் சீட்டு நினைவுக்கு வந்தது. திரைக்கதை எழுதிய எட்மண்ட் நார்த், தெரிந்தே வைத்தேன் என்று பிற்பாடு சொன்னார். இயக்குநரிடம்கூட அவர் அதைச் சொல்லவில்லை.

'ரோபோகாப்' (1987) இயக்கிய பால் வெர்ஹோவனும் தன் நாயகன் ஓர் அமெரிக்க இயேசு என்று வெளிப்படையாகவே சொன்னவர். அந்த நாயகன் மர்பியின் கையைச் சுட்டுச் சிதைக்கிறார்கள், அவன் மீண்டு வருகிறான், கடைசியில் தண்ணீர்மேல் நடப்பதுபோல் நடக்கிறான். அடையாளம் எல்லாம் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒன்று குறைகிறது. சாவதா வேண்டாமா என்று யாரும் மர்பியைக் கேட்கவில்லை.

சரி, வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்திருக்கும். கெத்செமனே! சிலுவைக்கு முந்தைய இரவில் இயேசு ஜெபித்த தோட்டம். போன பேச்சிலும் சொன்னேன், இன்னொரு தடவை சொல்கிறேன். "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று அவர் கெஞ்சினார். அப்புறம் அதை வாங்கிக்கொண்டார். நம் மொழியில் குடிக்கும் கிண்ணமும் பாத்திரம், கதையில் வருகிற ஆளும் பாத்திரம். அந்தப் பாத்திரத்தை வாங்குகிறானா என்பதில்தான் இந்தப் பாத்திரம் யார் என்று தெரிகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

'தி மேட்ரிக்ஸ்' (1999) எடுத்துக்கொள்ளுங்கள். நாயகன் நியோவின் கூட்டத்தார் போகும் கப்பலின் பெயர்ப்பலகையில் 'மார்க் 3, எண் 11' என்று இருக்கும். மாற்கு 3:11-ஐத் திறந்தால், "நீர் தேவனுடைய குமாரன்" என்று அசுத்த ஆவிகள் கத்துகின்றன. அழகான வேலைப்பாடு. ஆனால் என்னைப் பிடித்தது பலகை இல்லை. நீ, அல்லது உன் தலைவன் மார்ஃபியஸ், இருவரில் ஒருவர் சாகவேண்டும் என்று நியோவிடம் முன்பே சொல்லியாகிவிட்டது. தான் மீட்பன் இல்லை என்றே அவன் நம்புகிறான். அப்படியும் மார்ஃபியஸை மீட்கப் போகிறான். பாத்திரத்தை வாங்கியது அந்த இடத்தில்தான். பிற்பாடு உயிர்த்தெழுவதெல்லாம் எனக்கு இரண்டாவதுதான்.

ஆகவே நண்பரே, வைத்தாரா ஏற்றினோமா என்பதைவிட, அந்தத் தோட்டத்தில் இருந்த மற்றவர்கள் எங்கே என்று நீங்கள் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் சுலபமாகக் கிடைக்கிறான். அதே படத்தில் சைஃபர் ஒரு துண்டு இறைச்சியைச் சுவைத்துக்கொண்டே தன் கூட்டத்தை விற்கிறான். ஆனால் காட்டிக்கொடுக்கவும் இல்லாமல், விழித்திருக்கவும் முடியாமல், கண் சொருகித் தூங்கிப்போனானே சீடன் பேதுரு, அவனைப்போல ஒருவனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். எந்தப் படத்திலாவது பார்த்திருந்தால் எழுதுங்கள், அடுத்த பேச்சை அவனை வைத்தே தொடங்குகிறேன்.