தக்காளி பழமா, காய்கறியா?

(திரையில்: குறுக்கே வெட்டிய தக்காளி)

இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 1883ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே இறக்குமதியாகும் காய்கறிக்குச் சுங்க வரி 10 சதவீதம், பழத்துக்கு வரி இல்லை. நியூயார்க்கில் தக்காளி இறக்கிய நிக்ஸ் குடும்பத்தினர், "இது பழம், கட்டிய வரியைத் திருப்பிக் கொடுங்கள்" என்று வழக்குப் போட்டார்கள். 1893இல் தீர்ப்பு வந்தது: தாவரவியல்படி கனிதான், ஆனால் மக்கள் அதைச் சாப்பாட்டோடுதான் சாப்பிடுகிறார்கள், ஆகவே காய்கறி. வழக்குத் தோற்றது.

நீதிபதிகள் சொன்னதில் தப்பில்லை. தாவரவியலில் 'காய்கறி' என்று ஓர் உறுப்பே கிடையாது. கேரட் வேர். உருளைக்கிழங்கு மண்ணுக்குள் பருத்த தண்டு. முட்டைக்கோஸ் இலை. காலிஃபிளவர், மலராத பூங்கொத்து. இத்தனைக்கும் சேர்த்துச் சமையலறை வைத்த பெயர்தான் காய்கறி.

(திரையில்: பூவின் நடுவே சூலகம்)

கனி அப்படியல்ல, அது செடியின் உறுப்பு. பூவின் நடுவில் சூலகம் இருக்கிறது. மகரந்தம் சேர்ந்து கருவுற்றதும் இதழ்கள் உதிரும், உள்ளே இருக்கும் சூல்கள் விதையாகும், சூலகம் பருத்துக் கனியாகும். இந்தக் கணக்கில் கத்தரி, வெண்டை, பூசணி, வெள்ளரி, மிளகாய் எல்லாமே கனிகள்.

சரி, அப்படியென்றால் வெண்டை ஏன் இனிக்கவில்லை? சர்க்கரை என்பது கூலி. பறவையோ விலங்கோ தின்று விதையைப் பரப்பினால்தான் பிழைக்கும் என்ற செடி, அந்தக் கூலியைக் கொடுக்கிறது. அதையும் விதை முற்றிய பிறகுதான் கொடுக்கும். அதுவரை சதை பச்சையாக, புளிப்போ துவர்ப்போ ஆக இருக்கும். வெண்டை முற்றினால் காய்ந்து வெடித்து விதையைத் தானே உதிர்த்துவிடும். அதற்கு யாருக்குக் கூலி? வெள்ளரியையோ விதை முற்றுமுன்பே பறித்துவிடுகிறோம். கொடியிலேயே விட்டுப் பாருங்கள், மஞ்சளாகப் பழுத்துவிடும்.

தமிழுக்கு இது புதிதும் இல்லை. பிஞ்சு, காய், பழம் என்று ஒரே உறுப்பின் வயதைத்தானே சொல்கிறோம்! மாங்காயும் மாம்பழமும் வேறு வேறு என்று யாரும் வாதாடுவதில்லை. 'கறி' வந்து ஒட்டிக்கொண்ட பிறகுதான் கிழங்கும் கீரையும் அந்தக் கூடைக்குள் ஏறின.

(திரையில்: முந்திரிப்பழமும் அதன் நுனியில் கொட்டையும்)

முந்திரியில் கதை தலைகீழ். பழம் என்று நாம் கடிப்பது பருத்த காம்பு. அதன் நுனியில் ஓட்டோடு தொங்குகிறதே கொட்டை, அதுதான் கனி. ஓட்டை உடைத்து வறுத்துத் தின்பது அதன் விதை.