13 அணி, 14 சீசன்: இந்த ஆளை ஏன் எல்லோரும் வாங்கினார்கள், ஏன் எல்லோரும் விட்டார்கள்?

(திரையில்: அமெரிக்க வரைபடம். ஒரு சிவப்புப் புள்ளி ஊர் ஊராகத் தாவுகிறது.)

ஒரே மூச்சில் சொல்கிறேன், கேளுங்கள். ஹூஸ்டன், மெம்ஃபிஸ், கோல்டன் ஸ்டேட், ஓர்லாண்டோ, மில்வாக்கி, ஃபீனிக்ஸ், ஓக்லஹோமா சிட்டி, ஃபிலடெல்ஃபியா, நியூ ஆர்லியன்ஸ், டெட்ராய்ட், வாஷிங்டன், சார்லட், டென்வர்.

அப்பாடா. இத்தனையும் ஒரே மனிதர் வேலை பார்த்த இடங்கள். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் மொத்தமே 30 அணிகள்தான். அதில் 13 அணிகளின் ஜெர்சியைப் போட்டுக் களமிறங்கியவர் இஷ் ஸ்மித். என்.பி.ஏ. வரலாற்றிலேயே இதுதான் உச்சம். வீடியோ முடிவதற்குள் இந்தப் பட்டியலை நீங்கள் வரிசை மாறாமல் சொல்ல முடியுமா என்று பாருங்கள். கடைசியில் நானும் முயற்சி செய்கிறேன். சப்ஸ்கிரைப் செய்யாதவர்கள் அதற்குள் செய்துவிடுங்கள்.

முதலில் பின்னணி, வேகமாக ஓட்டிவிடுகிறேன். 1988 ஜூலையில் வட கரோலினாவின் சார்லட்டில் பிறந்தார். ஆறடி உயரம், பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பாஸ் கொடுக்கும் ஆள். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடினார். அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். 2010 டிராஃப்டில் 60 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் இவர் பெயர் இல்லை. அந்த சீசனிலேயே ஹூஸ்டன் கூப்பிட்டது. பின்னணி முடிந்தது.

இப்படி ஊர் ஊராகப் போகும் ஆட்டக்காரரை ஆங்கிலத்தில் ஜர்னிமேன் என்பார்கள். ஜர்னி என்றால் பயணம், ஊர் சுற்றுகிறவர், அதனால் அந்தப் பெயர் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். பிரெஞ்சில் ஒரு நாள் வேலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தொழில் கற்று முடித்துவிட்டார், ஆனால் சொந்தமாகப் பட்டறை இல்லை, இன்னொருவரிடம் நாள் கணக்கில் கூலி வாங்குகிறார். அவர்தான் ஜர்னிமேன். தமிழில் தினக்கூலி!

இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், என்.பி.ஏ.வில் இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடு இருக்கிறது. பத்து நாள் ஒப்பந்தம். ஜனவரி 5 ஆனதும் ஓர் அணி யாரையாவது பத்தே நாளைக்கு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். பிடித்திருந்தால் இன்னொரு பத்து நாள். அதற்கு மேல் பத்துப் பத்தாக இழுக்க முடியாது. சீசன் முடியும் வரை ஒப்பந்தம் போடு, இல்லை ஆளை விடு. கோடிக்கணக்கில் பணம் புரளும் விளையாட்டில் ஓர் ஓரத்தில் தினக்கூலி உட்கார்ந்திருக்கிறது.

சரி, இப்போது இந்த வீடியோவை நான் எடுத்ததற்கே காரணமான பகுதி. 2015. ஒரே ஒரு ஆண்டு. காலண்டரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: 2015 காலண்டர்.)

ஜனவரியில் ஸ்மித் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கிறார். கெவின் டுரான்ட், ரஸல் வெஸ்ட்புரூக் என்று பெரிய நட்சத்திரங்கள் இருந்த அணி. மோசமான இடமா? இல்லவே இல்லை. பிப்ரவரியில் டிரேடு கெடு நாள், அதாவது அணிகள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். அவரை நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றிவிடுகிறார்கள். நியூ ஆர்லியன்ஸ் அவரை ஆடவே விடாமல் விடுவிக்கிறது. விடுவிக்கப்பட்ட ஆட்டக்காரரின் பெயர் 48 மணி நேரம் ஒரு பட்டியலில் தொங்கும். மற்ற அணிகள் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். ஃபிலடெல்ஃபியா எடுத்துக்கொண்டது.

அந்த அணியின் பெயர் சிக்சர்ஸ். உங்களுக்கு கிரிக்கெட் ஞாபகம் வந்தால் தப்பில்லை, ஆனால் அப்போது அவர்கள் பந்தைத் தூக்கி அடிக்கும் நிலையில் இல்லை. சாம் ஹின்கி என்ற மேலாளர், தோற்கத் தோற்க டிராஃப்டில் நல்ல இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அணியை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட அணியில் மிச்ச சீசனை ஸ்மித் நன்றாகவே ஆடினார். கோடையில் ஒப்பந்தம் முடிந்தது. ஃபிலடெல்ஃபியா அவரைத் தக்கவைக்கவில்லை. கைக்கு வந்த ஆள், அணிக்குப் பதிலுக்கு எதுவும் கிடைக்காமலே போனார்.

அப்புறம் வாஷிங்டன். பயிற்சி முகாமுக்கு எடுத்தது, சீசன் தொடங்கும் முன்பே அனுப்பியது. உடனே யார் பிடித்தார்கள்? நியூ ஆர்லியன்ஸ்! எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நிமிடம்கூட ஆடவிடாமல் அனுப்பிய அதே அணி. இப்போது அங்கே காயப்பட்டவர்கள் வரிசையாக இருந்தார்கள், பந்தைக் கொண்டுபோக ஆள் இல்லை. வந்தவர் நிறைய நிமிடங்கள் ஆடினார்.

அந்தப் பக்கம் ஃபிலடெல்ஃபியா என்ன ஆனது? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் 18 ஆட்டமும் தோல்வி. டிசம்பர் 1 அன்று ஒரு வெற்றி. அப்புறம் மறுபடியும் தோல்விக்கு மேல் தோல்வி. 31 ஆட்டத்தில் ஒரே வெற்றி. ஜலீல் ஓகஃபோர், நெர்லென்ஸ் நோயல் என்று இரண்டு இளம் நெட்டைகள் கூடைக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பந்து மட்டும் வரமாட்டேன் என்கிறது. நேரத்துக்கு பாஸ் கொடுக்க அனுபவமுள்ள ஆள் இல்லை.

டிசம்பர் 24. ஊரே கிறிஸ்துமஸ் கொண்டாட உட்காரும் நேரத்தில் ஃபிலடெல்ஃபியா ஒரு டிரேடு செய்கிறது. இரண்டாம் சுற்று டிராஃப்ட் உரிமைகள் இரண்டைக் கொடுத்து, கோடையில் சும்மா விட்ட அதே இஷ் ஸ்மித்தைத் திரும்ப வாங்குகிறது.

நான் இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வீட்டிலிருந்த குடையைத் தெருவில் வைத்துவிட்டு வந்து, மழை பிடித்ததும் அதே குடையை விலை கொடுத்து வாங்குகிற கதைதான்.

அடுத்த ஆட்டம் டிசம்பர் 26, ஃபீனிக்ஸில். ஃபிலடெல்ஃபியா ஜெயித்தது. ஃபீனிக்ஸும் ஸ்மித்தின் பழைய அணிதான், எங்கே போனாலும் ஒரு பழைய வீடு! அந்த சீசன் 10 வெற்றி, 72 தோல்வி என்று முடிந்தது. அந்தப் பத்தில் ஒன்பது அவர் வந்த பிறகு கிடைத்தவை. மிச்சமிருந்த 51 ஆட்டத்தில் ஒன்பது, அதுவும் மோசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 31-க்கு ஒன்று என்ற கணக்கோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். (ஹின்கி அடுத்த ஏப்ரலில் பதவி விலகினார். விலகல் கடிதம் எத்தனை பக்கம் தெரியுமா? 13. எண் ஒத்துப்போவது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

ஸ்மித்தைப் பற்றி எனக்குத் தோன்றுவது இந்தக் கிறிஸ்துமஸ் டிரேடிலேயே இருக்கிறது. கையில் இருக்கும்போது அவருக்கு விலை இல்லை, இல்லாதபோதுதான் விலை. ஏன் அப்படி?

ஆட்டத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஸ்மித்தின் சொத்து வேகம். பந்து கைக்கு வந்த மறுநொடி எதிர்ப்பக்கத்தில் இருப்பார். அவருக்கு இல்லாதது மூன்று புள்ளி ஷாட், அதாவது கூடையிலிருந்து தூரத்தில் போட்ட கோட்டுக்கு வெளியே நின்று அடிப்பது. சக ஆட்டக்காரர் ஒருவர் மறைப்பாக வந்து நிற்கிறார், ஸ்மித் அவரை ஒட்டிச் சுற்றி வருகிறார். மூன்று புள்ளி ஷாட்டுக்குப் பேர்போன ஸ்டெஃபன் கரி மாதிரி ஒருவர் அப்படி வந்தால் தடுப்பவர் பதறிக்கொண்டு மறைப்புக்கு மேல் பக்கமாக ஓடி வருவார், ஒரு கணம் விட்டால் மூன்று புள்ளி போய்விடும். ஸ்மித் வந்தால்? தடுப்பவர் நிதானமாக மறைப்புக்குக் கீழே புகுந்து வந்து நிற்பார். அடி, அடித்துப் பார் என்று இடம் விடுவார். ஸ்மித் அந்த இடைவெளியை ஓடுபாதையாக வைத்துக்கொண்டு வேகம் எடுப்பார். திடீரென்று பிரேக் போட்டு, நடுத்தூரத்திலிருந்து எம்பி அடிப்பார். அழகான ஷாட். ஆனால் இரண்டு புள்ளிதான். அவர் லீகுக்குள் வந்த பத்தாண்டில்தான் மொத்த ஆட்டமும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நகர்ந்தது. யாரும் தேடாத சரக்கைத் திறமையாக விற்பவர் மாதிரி ஆகிவிட்டார்.

கரி பெயரை எடுத்தேனே, அதிலும் ஒரு கதை. கரியும் 1988-ல் பிறந்தவர், சார்லட்டில் வளர்ந்தவர். ஸ்மித் சார்லட்டில் பிறந்து, பக்கத்தில் இருக்கும் கான்கார்டில் வளர்ந்தவர். ஒரே வயது, ஒரே வட்டாரம், இருவருமே பாயிண்ட் கார்டு. 2011-12 சீசனில் இருவரும் கொஞ்ச நாள் கோல்டன் ஸ்டேட்டில் ஒரே ஜெர்சி போட்டார்கள். கரி 2009 முதல் அதே ஒரு அணி. ஸ்மித்துக்கு அது மூன்றாவது அணி, அதற்குப் பிறகு இன்னும் பத்து.

அடுத்தது டிரேடுகள். இதில் நான் கவனித்த ஒரு வேடிக்கை. சினிமா சுவரொட்டியில் நட்சத்திரங்கள் பெயரெல்லாம் போட்டுக் கடைசியில் "மற்றும்" என்று ஒரு பெயர் வரும் இல்லையா? ஸ்மித் அந்த "மற்றும்". 2011-ல் ஹூஸ்டன் அனுப்பியது ஷேன் பேட்டியர் மற்றும் இஷ் ஸ்மித். 2013-ல் ஓர்லாண்டோ அனுப்பியது ஜே.ஜே. ரெடிக், குஸ்தாவோ அயோன் மற்றும் இஷ் ஸ்மித். 2022 கோடையில் வாஷிங்டன் அனுப்பியது கென்டேவியஸ் கால்ட்வெல்-போப் மற்றும், ஆமாம், அவரேதான்.

காரணம் இருக்கிறது. டிரேடில் இரண்டு பக்கத்துச் சம்பளமும் ஓரளவு பொருந்தி வர வேண்டும் என்று விதி. தராசு சமமாக நிற்க ஒரு சின்னக் கல் தேவைப்படும். சம்பளம் மிதமாக இருக்கும் ஆட்டக்காரர்தான் அந்தக் கல். இன்னொரு விதியும் இவருக்குச் சாதகம். குறைந்தபட்சச் சம்பளம் அனுபவம் ஏற ஏற உயரும். அப்படியானால் பழைய ஆளை எவர் எடுப்பார்? அதற்காகவே ஓராண்டுக் குறைந்தபட்ச ஒப்பந்தத்தில், இரண்டு வருட அனுபவக்காரருக்கு உள்ள தொகையை மட்டும் அணி கொடுத்தால் போதும், மிச்சத்தை லீக் கொடுத்துவிடும். இந்த விதியை எழுதியவர் யாரோ, பழைய ஆட்டக்காரர்கள் அவர் வீட்டுக்கு ஆண்டுதோறும் பழக்கூடை அனுப்ப வேண்டும்.

நடுவில் நிம்மதியான காலமும் உண்டு. 2016-ல் டெட்ராய்ட் மூன்றாண்டுக்கு 1.8 கோடி டாலர் கொடுத்தது. மூன்றாண்டும் ஒரே ஊரில் இருந்தார். சொல்ல வேறொன்றும் இல்லை, நிம்மதியில் கதை கிடைக்காது.

இவருக்கு முன் சாதனை 12 அணி, நான்கு பேர் பங்குபோட்டு வைத்திருந்தார்கள்: சக்கி பிரவுன், ஜிம் ஜாக்சன், டோனி மேசன்பர்க், ஜோ ஸ்மித். இதில் ஜோ ஸ்மித்தைச் சொல்லாமல் நகர மாட்டேன். 1995 டிராஃப்டில் முதல் ஆள் இவர். பின்னாளில் பெரிய நட்சத்திரமான கெவின் கார்னெட்டே ஐந்தாவதுதான்! பிறகு மினசோட்டா இவரோடு ரகசிய ஒப்பந்தம் போட்டது. இப்போது குறைந்த சம்பளத்துக்கு ஆடு, பின்னால் பெரிய தொகை தருகிறோம் என்று. 2000-ல் குட்டு வெளிப்பட்டது. அணிக்கு 35 லட்சம் டாலர் அபராதம், டிராஃப்டின் முதல் சுற்று உரிமைகள் ஐந்து பறிப்பு. பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள். ஜோ ஒரு சீசன் டெட்ராய்டில் ஆடிவிட்டு, அப்புறம் அதே மினசோட்டாவுக்கே திரும்பிப் போனார். இவருக்குத் தனி வீடியோ வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள்.

திரும்பிப் போவது என்றால் நம்ம ஆளும் லேசுப்பட்டவர் இல்லை. ஹூஸ்டன், ஃபிலடெல்ஃபியா, வாஷிங்டன், சார்லட் என்று நான்கு அணிகளில் இரண்டாம் முறையும் ஆடியிருக்கிறார். ஒரு முறை விட்ட அணி மறுபடி கூப்பிடுகிறது என்றால், போகும்போது யாரிடமும் முகம் சுளிக்காமல் போயிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். இந்தத் தொழிலில் அதுவும் ஒரு ஷாட்.

(திரையில்: டென்வர் ஜெர்சி.)

அந்த 2022 கோடை டிரேடுதான் அவரைப் பதின்மூன்றாவது அணிக்குக் கொண்டு சேர்த்தது. நட்சத்திர ஆட்டக்காரர் நிகோலா யோகிச் இருக்கும் டென்வர். கால்ட்வெல்-போப் தொடக்க ஐவரில் ஒருவரானார். ஸ்மித் பெரும்பாலும் பெஞ்சில். 2023 ஜூன் 12 அன்று டென்வர் மயாமியை ஐந்தாவது ஆட்டத்தில் வீழ்த்திக் கோப்பை வாங்கியது. 1976-ல் என்.பி.ஏ.வுக்குள் வந்த டென்வருக்கு அதுதான் முதல் பட்டம். டிராஃப்டில் யாரும் தொடாத ஆளுக்கு 34 வயதில் சாம்பியன் மோதிரம். அதே ஜோ ஸ்மித், ஜிம் ஜாக்சன் இருவருக்கும் அது கிடைக்கவில்லை. ஒருவர் முதல் தேர்வு, இன்னொருவர் நான்காவது தேர்வு!

அடுத்த சீசன் பிறந்த ஊரான சார்லட்டில் மறுபடி ஆடினார். அதோடு கணக்கு 14 சீசன்.

சரி, வாக்குக் கொடுத்தேனே. பட்டியலை மறைத்துவிட்டேன், பாருங்கள். ஹூஸ்டன், மெம்ஃபிஸ், கோல்டன் ஸ்டேட், ஓர்லாண்டோ, ஃபீனிக்ஸ்... இல்லை, இல்லை. மில்வாக்கி. ஒவ்வொரு முறையும் இந்த மில்வாக்கியில்தான் மாட்டுகிறேன். நீங்கள் எங்கே மாட்டினீர்கள்?