சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"இந்தியாவில் ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட பள்ளிக் கல்வி தடுமாறக் காரணம் நிதிப் பற்றாக்குறையா, நிர்வாகக் குறைபாடா?" என்பது தலைப்பு. நிதிப் பற்றாக்குறையே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "பணம் இருக்கிறது, பரிமாறத் தெரியவில்லை, அகப்பையில் ஓட்டை" என்றார். அகப்பையை இத்தனை முறை திருப்பிப் பார்த்தவர், சட்டிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

நாம் பார்ப்போம். 1952இல் மத்திய அரசு இடைநிலைக் கல்விக்கென ஒரு குழுவை அமைத்தது. தலைவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார். ஏட்டுப் படிப்போடு தொழிலும் வேளாண்மையும் வணிகமும் கற்பிக்கும் பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றது அந்தக் குழு. பட்டறையும் ஆய்வகமும் சும்மா வராது என்று தெரிந்ததால், தொழிற்கல்விக்கென்று தனி வரி விதிக்கவும் வழி சொன்னது. அடுத்து 1966இல் கோத்தாரி குழு, 1985-86க்குள் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்குச் செல்ல வேண்டும் என்றது. 1968 கல்விக் கொள்கை அதே 6 சதவீதத்தை எழுதியது. 1986 கொள்கையும் எழுதியது. 2020 கொள்கையும் எழுதியது. அந்த 2020 ஆவணமே ஒப்புக்கொள்ளும் கணக்கு என்ன? 2017-18இல் மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சேர்ந்து கல்விக்குச் செலவிட்டது உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 4.43 சதவீதம். குறித்த காலம் கடந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இதுதான் நிலை.

குறைந்த சோற்றில் யார் பசியோடு எழுந்தார்கள்? ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள். தொடக்கக் கல்விக்கு 2001இல் அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தது. இடைநிலைக்கு, அதாவது ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு, அதுபோன்ற திட்டம் வர 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை மட்டுமே உரிமை தந்தது. பதினைந்தாவது வயதில் அந்தப் பிள்ளைக்குச் சட்டத்தின் துணை இல்லை. ஆனால் செலவு ஏறுவது அங்கேதான். இரண்டாம் வகுப்புக்கு எல்லாப் பாடத்தையும் ஒரே ஆசிரியர் நடத்திவிடுவார். பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியலுக்கு ஒருவர், வேதியியலுக்கு ஒருவர், உயிரியலுக்கு ஒருவர் வேண்டும், கூடவே ஆய்வகமும் வேண்டும். விளைவைக் கல்வி அமைச்சகத்தின் 2021-22 கணக்கே சொல்கிறது: தொடக்க நிலையில் இடைநிற்றல் 1.5 சதவீதம், அடுத்த நிலையில் 3 சதவீதம், இடைநிலைக்கு வந்ததும் 12.6 சதவீதம்.

இப்போது எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். 2007 பட்ஜெட்டில், இடைநிலைக் கல்விக்கும் உயர்கல்விக்கும் என்று சொல்லி வரியின் மேல் 1 சதவீதம் கூடுதல் வரி, அதாவது செஸ், விதித்தார்கள். பத்தாண்டுகளில் 80,000 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. அதற்கென ஒரு நிதியம்கூட உருவாக்கப்படவில்லை என்று அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளர், சிஏஜி, எழுதினார். நிதியத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2017 ஆகஸ்டில். "பார்த்தீர்களா, பணம் இருந்தது!" என்கிறார் நண்பர். எங்கே இருந்தது, நடுவர் அவர்களே? வசூலித்தவர் கணக்கில் இருந்தது. வேறு ஒதுக்கீட்டிலிருந்து செலவிட்டோம் என்று அரசு சொல்லலாம். அப்படியானால், கூடுதலாக வாங்கியது கூடுதலாகப் போய்ச் சேரவில்லை என்றுதானே பொருள்? செஸ் வருவாயில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. ஆசிரியர் சம்பளத்தின் பெருஞ்சுமையோ மாநிலங்களின் தலையில். பள்ளிக்கு வந்து சேராத ரூபாயைத் தலைமை ஆசிரியர் எப்படி வீணடிப்பார்?

நம் தமிழ்நாட்டையும் விட்டுவிட மாட்டேன். 2022இல் அரசுப் பள்ளிகளின் 13,331 காலியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அறிவிப்பு வந்தது. பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய், முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். முதுகலைப் பட்டமும் பி.எட். படிப்பும் முடித்து, பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளைக் கரைசேர்க்க வருபவருக்கு 12,000! இது நிர்வாகம் தூங்கியதால் வந்த தொகை அல்ல. கையில் இருந்ததைக் கொண்டு ஒப்பேற்றிய தொகை. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

நிர்வாகக் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கோப்புகள் தேங்குகின்றன, தவணைகள் தாமதமாக வருகின்றன. ஆனால் எது பெரிது என்பதுதான் இந்த மன்றத்தின் கேள்வி. அதற்குப் பீகாரைப் பாருங்கள். 2006இல் அங்கே, ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தார்கள். பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். அந்த வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்களின் விகிதம் 32 சதவீதம் உயர்ந்திருந்தது. ஆண், பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் மிகுதி.

"அப்போது பீகாரில் நிர்வாகமும் சீரானது, அதனால்தான்" என்று எதிரணியில் அடுத்து வருபவர் சொல்லக்கூடும். அவருக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆய்வு பெண்களை அதே மாநிலத்துப் பையன்களோடு ஒப்பிட்டது, பக்கத்து ஜார்க்கண்டோடும் ஒப்பிட்டது. நிர்வாகம் திருந்தியதுதான் காரணம் என்றால் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே அளவில் பலன் கிடைத்திருக்க வேண்டும். அதே பள்ளி, அதே தலைமை ஆசிரியர், அதே கல்வி அலுவலர். தங்கையின் பெயரில் மட்டும் 2,000 ரூபாய் வந்தது, தங்கை பள்ளிக்கு வந்தாள். இதற்கு எதிரணியின் விடையைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு வழங்குங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.