சில்வர் தட்டு வரும்வரை

வணக்கம் நேயர்களே. நத்தாரைப் பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். பாலன் பிறப்பின் பொருளை விளக்க நான் சுவாமியார் இல்லை. கொட்டாஞ்சேனையில் இருந்து மன்னார்த் தீவில் இருக்கிற பேசாலைக்கு, வருடாவருடம் கேக் டின்னை மடியில் வைத்துக்கொண்டு போய்வருகிற ஒரு ஆள், அவ்வளவுதான். அதனால் அந்தப் போய்வருதலைப் பற்றியே பேசுகிறேன்.

கேக்கை மடியில் வைக்காமல் மேலே தட்டில் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் அது ரிச் கேக். ரவை, கஜு, பிளம்ஸ், பூசணித் தோசி, இஞ்சித் தோசி, ரோஸ் வாட்டர், தேன், அப்புறம் பழங்களை ஊறவைத்த பிராந்தி என்று, நவம்பர் மாதமே புறக்கோட்டைக்கு இரண்டு மூன்று தரம் அலைந்து சாமான் சேர்த்து, வீட்டில் இருக்கிற எல்லாரையும் உட்காரவைத்து நறுக்கவைத்துச் செய்தது. எங்கள் அம்மாவின் கணக்குக்கு 25 முட்டையின் மஞ்சட்கரு வேண்டும். 2022 இல் முட்டை விற்ற விலைக்கு, குறைத்துப் போடுவோமா என்று மெதுவாகக் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார், நான் கடைக்குப் போனேன்.

சின்ன வயதில் இரவுக் கோச்சியில்தான் போவோம். கோட்டையில் ஏறினால் மதவாச்சி வரும்போது நல்ல நித்திரையில் இருப்போம், அங்கேதான் மன்னார்ப் பாதை பிரியும், பிறகு செட்டிகுளம், மடு வீதி, முருங்கன் என்று போய், விடியும் நேரத்தில் இரண்டு பக்கமும் கடல் தெரியும். கடல் தெரிந்தால் அப்பா எங்களை எழுப்பிவிடுவார். தண்டவாளம் தலைமன்னார் வரை போகும், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் இருந்தது, அது 1984 உடன் நின்றது. 1990 இல் போரால் கோச்சியும் நின்றது.

அதற்குப் பிறகு வந்த வருடங்களை நீட்ட விரும்பவில்லை. பெரியம்மா குடும்பம் கொஞ்ச காலம் அக்கரையில், தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமில் இருந்தது, அங்கே கேக் அனுப்ப வழி இல்லை, கடிதம்தான். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு, பாஸும் சோதனைச் சாவடியுமாய் இருந்த காலத்தில், நாங்கள் போகாத வருடங்களில் கேக் மட்டும் போகும், யாராவது தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுவோம். 2007 ஆம் ஆண்டு துணிந்து பஸ்ஸில் கிளம்பினோம். மதவாச்சியில் எல்லாரையும் இறக்கி, பையெல்லாம் திறந்து பார்த்தார்கள். டின்னைத் திறந்த பையனுக்கு பிராந்தி மணம் மூக்கில் ஏறியது, சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மாவை ஒரு தரம், டின்னை ஒரு தரம் பார்த்தான். அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "நத்தல், நத்தல்" என்று சொல்லி ஒரு துண்டை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டான். எங்கள் பைகளை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் மூடவிட்டது போல எனக்கு ஒரு நினைப்பு.

2015 இல் தலைமன்னார் வரை திரும்பவும் கோச்சி ஓடத் தொடங்கியது. 25 வருடம்! நான் அப்பா ஆகியிருந்தேன். கடல் தெரிந்ததும் மகளை எழுப்பினேன், அவள் ஜன்னலால் பார்த்துவிட்டு மன்னார் வரும்வரை கழுதைகளை எண்ணிக்கொண்டே வந்தாள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பில் இருந்து போகிற நம்மில் அநேகம் பேர் 24 ஆம் திகதி போய், நடுச்சாமப் பூசை பார்த்து, 25 மத்தியானம் சாப்பிட்டு, 26 காலை பஸ் பிடிக்கிறோம். லீவு இல்லை என்கிறோம். எனக்கும் இல்லைதான். ஆனால் அது ஊருக்குப் போனதாகக் கணக்கில் வராது, முகம் காட்டியதாகத்தான் வரும்.

எப்படித் தெரியும் என்றால், கோப்பையை வைத்துச் சொல்லலாம். பெரியம்மா வீட்டில் முதல் நாள் கண்ணாடி அலுமாரியில் இருந்து பூப்போட்ட பீங்கான் கோப்பை இறங்கும். நண்டுக் குழம்பில் பெரிய கால் எங்களுக்கு, மின்விசிறிக்கு நேரே உள்ள கதிரை எங்களுக்கு, மச்சாள் பிள்ளைகள் வாசலில் நின்று பார்ப்பார்கள். இரண்டாம் நாளும் அப்படித்தான், வெற்றி அன்னை கோயிலில் பூசை, வானவர் கீதத்துக்கு மணி அடிப்பது, மழையில் நனைந்த பாலன் குடிலுக்கு யாரோ தறப்பாள் கட்டுவது, எல்லாவற்றிலும் நாங்கள் கொழும்பு ஆட்கள்தான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஒரு காலையில், நெளிந்த சில்வர் தட்டில் இடியப்பமும் சொதியும் வரும். "தேங்காய் துருவித் தா தம்பி, சும்மாதானே இருக்கிறாய்" என்று பெரியம்மா சொல்லுவார். அன்றைக்குத்தான் யார் யாரோடு கதைப்பதில்லை, எந்தக் காணிக்கு வழக்கு, கனடாவில் இருக்கிற மருமகன் ஏன் மூன்று மாதமாகப் பேசவில்லை என்பதெல்லாம் வெளியே வரும். பீங்கான் கோப்பைக்கு முன்னால் இதெல்லாம் வராது.

2019 இல் மட்டும் பயணம் தலைகீழாக நடந்தது. அந்த வருடம் உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது உங்களுக்குத் தெரியும், நாங்கள் இருப்பது அங்கிருந்து நடக்கிற தூரம். டிசம்பரில் எனக்கு எங்கேயும் போக மனம் இல்லை என்று சொன்னேன். பெரியம்மா, ஊரை விட்டு எங்கேயும் நகராதவர், கோச்சி ஏறித் தானே வந்துவிட்டார். புனித லூசியாள் பேராலயத்துக்கு இரவுப் பூசைக்குக் கூட்டிப்போனோம். வாசலில் பை சோதனை. எங்கள் பிள்ளைகள் தயங்கி நின்றார்கள், பெரியம்மா யாரும் கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து, சாமான்களை ஒரு பக்கமாக ஒதுக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். பழக்கம். அந்த முறை என் மனைவி அவருக்குப் பீங்கான் கோப்பையில்தான் சோறு போட்டார், அடுத்த நாள் அவரே குசினிக்குள் போய்ச் சில்வர் தட்டைத் தேடி எடுத்துக்கொண்டார்.

இந்த முறை நான் 22 ஆம் திகதியே கிளம்புகிறேன், 28 ஆம் திகதி மாசில்லாக் குழந்தைகள் திருநாளும் முடிந்துதான் திரும்புவேன், அலுவலகத்தில் சொல்லியாயிற்று. திரும்பும்போது பெரியம்மா டின்னை வெறுமனே தரமாட்டார், கழுவித் துடைத்து, அடியில் தாள் விரித்து, கழுத்து வரை கருவாடு அடைத்துத்தான் தருவார். அதில் இனிமேல் கேக் வைக்க முடியாது. அதனால் எங்கள் வீட்டில் ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு புது டின் வாங்க வேண்டும். இந்த வருடத்து டின் வாங்கியாகிவிட்டது, நீலம், மூடியில் ரோசாப்பூ.