பிள்ளைக் காம்பரா அடுப்பில் இன்னும் ஒரு கை அரிசி
(இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றின் முதியோர் தின விழாவில் ஆற்றிய உரை)

தலைமை வகிக்கும் முதியோர் சங்கத் தலைவி அம்மா அவர்களே, மலையேறி வந்திருக்கும் வைத்தியர் ஐயா அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தோட்டத் துரை அவர்களே, மேடை போட்டுத் தந்த கோயில் கமிட்டித் தலைவர் அவர்களே, பாடசாலை அதிபர் அவர்களே, குடும்ப நல உத்தியோகத்தர் தங்கச்சி அவர்களே, காலமெல்லாம் கூடை சுமந்த தாய்மார்களே, கவ்வாத்து வெட்டிய ஐயாமார்களே, வணக்கம்.

வயசான காலத்தில் சாப்பாட்டுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம் என்று பேசச் சொன்னார்கள். இன்றைக்கு மறதியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். பறக்கிற பத்தில் அறிவும் ஒன்று. அதை என் அப்பாயியிடம் கண்ணால் பார்த்தேன்.

தாத்தா போன பிறகு அப்பாயி லயத்து வரிசை வீட்டில் தனியாக இருந்தார். பல் இல்லை. காலையில் கோதுமை மா ரொட்டியைப் பால் போடாத பிளேன்டியில் நனைத்து விழுங்குவார். பகலுக்கும் அதே, ராத்திரிக்கும் அதே. வருஷக்கணக்கில் இப்படி. ஒருநாள் இருட்டோடு எழும்பி, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் போய் நின்றார். செக்ரோலில், அதான் வேலையாட்கள் பேரேட்டில், பேர் வெட்டிப் பதினொரு வருஷம்! பனியில் நடுங்கிக்கொண்டு, "கங்காணி, எனக்கு இன்னைக்கு எந்த மலை?" என்று கேட்கிறார். அந்தக் கங்காணி செத்தே ஏழு வருஷம். லயமே திரண்டது. பேய் பிடித்திருக்கு என்றார்கள். சாமியாடியைக் கூப்பிட்டோம், வேப்பிலை அடித்தோம், கோழி அறுத்தோம். அந்தக் கோழிக் கறியில் ஒரு துண்டு அப்பாயிக்குக் கொடுக்கவில்லை. நினைத்தால் இப்பவும் நெஞ்சு அடைக்குது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். டாக்டர் முதலில் கேட்டது, "அம்மா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?" "ரொட்டி." "முந்தாநாள்?" "ரொட்டிதான் சாமி." ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பி12 விற்றமின் அடிமட்டத்தில் கிடந்தது. ஊசி போட்டார்கள். சில மாதத்தில் அப்பாயி பேரப்பிள்ளைகள் பேரையெல்லாம் வரிசையாகச் சொன்னார்.

பி12 இருப்பது இறைச்சி, மீன், முட்டை, பால், தயிரில். ரொட்டியிலும் கீரையிலும் கிடையாது. வயசாக ஆக இரைப்பை அமிலம் குறைவதால், சாப்பிட்டதிலிருந்தும் அது சரியாகச் சேராது. சீனி வியாதிக்கு நீண்ட காலம் மெட்போர்மின் எடுப்பவர்களுக்கு இன்னும் குறையலாம். மாத்திரையை நிறுத்தாதீங்க, கிளினிக்கில் கேளுங்க. எல்லா மறதியும் சாப்பாட்டால் வருவதல்ல, அதைப் பிரித்துச் சொல்ல வைத்தியர் வேண்டும்.

ஆனால் முட்டை தின்னுங்க, நெத்தலி தின்னுங்க என்று தனியாக இருக்கும் பாட்டியிடம் சொல்லி என்ன? ஒரு ஆளுக்கு அடுப்பு மூட்ட யாருக்கு மனசு வரும்? அதனால்தான் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்கிறேன்: தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்குச் சமைக்கிற அடுப்பில், பெரியவர்களுக்கும் பகலில் ஒரு கை அரிசி கூடப் போடுங்கள். நம் நாட்டில் ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தினம். முதியோர் தினமும் அன்றைக்குத்தான். ஒரே நாளில் மாலை போடுகிற நாம் ஒரே பந்தியில் சோறு போடக் கூடாதா? பசி வந்தால் பத்தும் பறக்கும். பறந்த பிறகு வேப்பிலை அடித்துப் பிடிக்க முடியாது.

அரிசிக்குக் கோயில் கமிட்டி பொறுப்பு. முட்டைக்குத் தாய்மார் சங்கம். அந்த அடுப்பைப் பாவிக்க அனுமதி மட்டும்தான் பாக்கி. அடுத்துப் பேச வரும் துரை அவர்கள் அதற்குப் பதில் சொல்வார் என்று நம்பி, அவருக்கு இடம் விட்டு அமர்கிறேன்.